கர்ப்பகாலப் பரிசோதனையும் காப்பீட்டு அட்டையும்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் கர்ப்பிணிப் பெண்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது என்று சில வருடங்களாக இருக்கிறேன். கேட்கிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அட்டை கைக்கு வரட்டும், அப்புறம் டெஸ்ட் எடுக்கலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். அரசு இடத்தில் டெஸ்டுக்கு அட்டை தேவையே இல்லை.

முதல்வர் காப்பீட்டு அட்டை எங்க வீட்ல இருக்கு. அதைக் காட்டினா மாச செக்கப், ரத்த டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் ஃப்ரீயா?

அட்டையைக் காட்டி தனியார் லேபிலோ ஸ்கேன் சென்டரிலோ மாதாமாத டெஸ்ட் எடுக்க முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது. 2009ல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012 ஜனவரியில் இப்போதைய பெயருக்கு வந்தது. 2018ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்தார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரிகளில் செல்லும்.

ஆனால் நீங்கள் கேட்ட டெஸ்டுகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசம்தான். அந்த இலவசம் காப்பீட்டால் வருவதில்லை, வேறு வழியில் வருகிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் மூன்று, நான்கு மாதங்களை வீணாக்குகிறார்கள்.

வேற வழின்னா எது? அட்டை இல்லாதவங்களுக்கும் உண்டா?

உண்டு. 2011 ஜூன் மாதம் ஜனனி சிசு சுரக்ஷா என்ற மத்திய அரசுத் திட்டம் வந்தது. அரசு மருத்துவமனைக்கு வரும் எந்தக் கர்ப்பிணிக்கும் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுவது, தங்கியிருக்கும் நாட்களில் சாப்பாடு, வந்து போக வண்டி, எதற்கும் கட்டணம் கிடையாது. கர்ப்பத்தின்போதும் பிரசவத்துக்குப் பிறகும் வரும் சிக்கல்களையும் பின்னர் இதில் சேர்த்தார்கள்.

இதற்கு வருமான வரம்பு இல்லை, அட்டையும் இல்லை. வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்பதுதான் தகுதி.

எங்க போய்ப் பதியணும்? எத்தனையாவது மாசத்துல போனா போதும்?

மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில். உங்கள் வார்டுக்கு எது என்று தெரியாவிட்டால் பக்கத்து அங்கன்வாடியில் கேளுங்கள், அல்லது 104க்கு போன் செய்யுங்கள். நாள் தள்ளிப்போனது உறுதியானதுமே போய்விடுங்கள். 12 வாரத்துக்குள் பதிவது ரொம்ப முக்கியம். முதல் மூன்று மாதம் வெளியே சொல்லக்கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். சொந்தக்காரர்களிடம் சொல்ல வேண்டாம், சரி. நர்ஸிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஆதார், முகவரிக்கு ஏதாவது ஒன்று, வங்கிக் கணக்குப் புத்தகம், கணவரின் ஆதார், போன் நம்பர் எடுத்துப் போங்கள். பதிந்ததும் ஆர்சிஎச் எண் என்று 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். அதை போனிலும் எழுதி வையுங்கள், தாய் சேய் நல அட்டையிலும் இருக்கட்டும். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பதியும்போது இந்த எண்ணைக் கேட்பார்கள். தனியாரில் பிரசவம் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

என்னென்ன டெஸ்ட் எடுப்பாங்க? எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்கு இத்தனை?

உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தோன்றும்போதே எடுப்பதற்குத்தான் இந்த டெஸ்டுகள். கர்ப்பகாலச் சிக்கல்களில் பல முதலில் எந்த அறிகுறியும் காட்டாது. ரத்த அழுத்தம் 140/90 வந்தாலும் பலருக்குத் தலைவலிகூட இருக்காது. ஒவ்வொரு முறையும் பிபி பார்த்து, எடை பார்த்து, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான். 20 வாரத்துக்குப் பிறகு பிபி ஏறி, சிறுநீரில் புரதமும் வந்தால் அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தான நிலைக்குப் போகலாம். சீக்கிரம் தெரிந்தால் மாத்திரையிலேயே சமாளிக்க வழி உண்டு. சிறுநீர் கப்பைக் கொடுக்கும்போது "போன மாசம்தானே கொடுத்தேன்" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.

ஹீமோகுளோபின் அடுத்தது. கர்ப்பத்தில் 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7க்குக் கீழே போனால் கடுமையானது, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நம் பகுதியில் இதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, பாலோடு போட்டால் சத்து சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடக்கூடாது, இடைவெளி விடுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, மலச்சிக்கல் வருகிறது என்றால் நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். நர்ஸிடம் சொன்னால் வேறு வழி பார்ப்பார்கள், ஊசி மூலம் இரும்புச்சத்து ஏற்றுவதும் உண்டு.

அப்புறம் ரத்த வகை, ஹெச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, தைராய்டு, சர்க்கரை. ரத்த வகை நெகட்டிவ் என்று வந்து, கணவருக்கு பாசிட்டிவ் என்றால், 28வது வாரம் ஒரு ஊசியும், குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஒரு ஊசியும் தேவைப்படும். கடையில் இது விலை கூடிய ஊசி. அதனால் உங்கள் வகை நெகட்டிவ் என்றால் 28 வாரம் வரை பொறுக்காமல், எந்த ஆஸ்பத்திரியில் போடுவார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குளுக்கோஸ் தண்ணி குடிச்சு எடுக்கற டெஸ்டுக்கு வெறும் வயித்துல போகணுமா? எங்க ரெண்டு வீட்லயும் யாருக்கும் சுகர் இல்ல.

வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டே போகலாம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. அந்த இரண்டு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருங்கள். குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் எடுக்க வேண்டியிருக்கும்.

இந்த முறையைப் பரப்பியவர் நம் சென்னைக்காரர், மருத்துவர் வி. சேஷையா. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் பேராசிரியராக இருந்தவர், 2022ல் பத்மஸ்ரீ பெற்றவர். தூரத்திலிருந்து வரும் கர்ப்பிணியை வெறும் வயிற்றில் வரச் சொல்லி, இன்னொரு நாளும் வரச் சொன்னால் அவர் வரமாட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாக் கர்ப்பிணிக்கும் சர்க்கரை பார்ப்பதை 2007லேயே தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. பின்னால் மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் அதே முறை வந்தது. அவர் பிறந்த மார்ச் 10ஐக் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் யாருக்கும் சுகர் இல்லாதது நல்லதுதான். ஆனாலும் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது, அதனால் யாருக்கும் வரலாம். முதல் முறை பதியப் போகும்போதே ஒரு டெஸ்ட், அதில் நார்மல் என்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. முதல் டெஸ்ட் நார்மல் என்று இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். சிக்கல் பெரும்பாலும் அந்த இரண்டாவதில்தான் தெரியவரும். வந்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். முதலில் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பார்கள், அதில் அடங்காவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள்.

அரசு ஆஸ்பத்திரில ஸ்கேன் தேதி தள்ளிக் கொடுத்துட்டாங்க. வெளில எடுத்துட்டு பில்லைக் கொடுத்தா காப்பீட்டுல காசு திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. முதல்வர் காப்பீட்டில் நீங்கள் கட்டிவிட்டுப் பின்னால் வாங்கும் முறை கிடையாது. ஆஸ்பத்திரிக்கும் திட்டத்துக்கும் இடையில்தான் கணக்கு.

தள்ளிப்போகும் தேதி எந்த ஸ்கேனுக்கு என்று பாருங்கள். எட்டாம் மாதம் வளர்ச்சி பார்க்கும் ஸ்கேன் சில நாள் முன்னே பின்னே போனால் பெரும்பாலும் சமாளிக்கலாம். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஐந்தாம் மாத ஸ்கேன் அப்படியல்ல, 18 முதல் 20 வாரத்துக்குள் முடிய வேண்டும். தேதி அதைத் தாண்டுகிறது என்றால் கவுன்டரில் இருப்பவரிடம் வாதாடாமல், மருத்துவரையே பார்த்து எத்தனையாவது வாரம் என்று சொல்லிக் கேளுங்கள். முன்னதாக மாற்றித் தருவார்கள், அல்லது வேறு அரசு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். அப்படியும் வழியில்லை, கையில் பணம் இருக்கிறது என்றால் இந்த ஒரு ஸ்கேனுக்குச் செலவு செய்யலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஏன் இத்தனை கறார் என்றால், பெரிய குறைபாடு ஏதாவது தெரிந்தால் அதற்குப் பிறகு முடிவெடுக்க நேரம் வேண்டும். கருக்கலைப்புச் சட்டம் 2021ல் திருத்தப்பட்ட பிறகு, சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதி உண்டு. அதைத் தாண்டினால் கருவில் கடுமையான குறைபாடு இருக்கிறதென்று மருத்துவ வாரியம் சொன்னாலோ, தாயின் உயிருக்கே ஆபத்து என்றாலோதான்.

ஸ்கேன்ல ஆணா பொண்ணான்னு சொல்வாங்களா?

சொல்ல மாட்டார்கள். 1994ம் வருடச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். ஸ்கேனுக்கு முன் கையெழுத்து வாங்கும் படிவத்தில் அதுவும் இருக்கும்.

டபுள் மார்க்கர், என்ஐபிடி எல்லாம் எழுதிக் கொடுத்திருக்காங்க. ஆயிரக்கணக்குல கேக்கறாங்க. இதுவும் அரசுல உண்டா?

நீங்கள் பார்க்கும் மருத்துவர் எதற்காக எழுதினார் என்று முதலில் கேளுங்கள். டவுன் சின்ட்ரோம் போன்ற குரோமோசோம் பிரச்சினைக்கு வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லும் டெஸ்டுகள் இவை. வாய்ப்பைத்தான் சொல்லும், உறுதியாகச் சொல்லாது. டபுள் மார்க்கர் 11 முதல் 13 வாரத்தில், குழந்தையின் கழுத்துப் பின்பக்கம் பார்க்கும் ஸ்கேனோடு சேர்த்து எடுப்பது. என்ஐபிடி 10 வாரத்திலிருந்தே எடுக்கலாம், இன்னும் துல்லியமானது, விலையும் அதிகம். உறுதிசெய்ய வேண்டுமென்றால் பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடித் திசுவையோ எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

தனியார் லேபில் எடுக்கும் இந்த டெஸ்டுகளுக்கு முதல்வர் காப்பீட்டு அட்டை உதவாது. வயது 35க்கு மேல், முதல் குழந்தைக்குப் பிரச்சினை இருந்தது, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், ஸ்கேனில் ஏதோ சந்தேகம், இப்படி ஒரு காரணம் இருந்தால் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிப் போங்கள். காரணம் எதுவும் இல்லாமல் கடன் வாங்கி என்ஐபிடி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பணத்தில் ஐந்தாம் மாத ஸ்கேனை நல்ல இடத்தில் எடுக்கலாம், மூன்று மாதத்துக்கு முட்டையும் பழமும் வாங்கலாம்.

தாய் சேய் அட்டையில ஹை ரிஸ்க்னு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. மாமியார் பயந்துபோய் அழறாங்க. என்ன அர்த்தம்?

உங்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். பிபி, சர்க்கரை, கடுமையான ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, முன்பு சிசேரியன், வயது மிகக் குறைவு அல்லது அதிகம், இப்படி ஏதாவது ஒன்று இருந்தாலே ஒட்டுவார்கள். அந்த ஸ்டிக்கர் இருந்தால் எந்த அரசு மருத்துவமனைக்குப் போனாலும் பார்த்த உடனே புரிந்துகொள்வார்கள். அதை மறைக்கவோ பிய்க்கவோ வேண்டாம்.

மாதாமாதம் 9ம் தேதி அரசு மையங்களில் மருத்துவரே கர்ப்பிணிகளைப் பார்க்கும் முகாம் 2016லிருந்து நடக்கிறது. நான்காம் மாதத்துக்கு மேல் எல்லாரும் போகலாம், சிவப்பு ஸ்டிக்கர் உள்ளவர்கள் தவறவிடக் கூடாது. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். வடசென்னை என்றால் பெரும்பாலும் ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம், திருவல்லிக்கேணி பக்கம் என்றால் கோஷா ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, அப்புறம் 1844லிருந்து இருக்கும் எழும்பூர் ஆஸ்பத்திரி. எழுதிக் கொடுத்த சீட்டோடு அன்றோ மறுநாளோ போய்விடுங்கள். அமாவாசை கழியட்டும், ஆடி முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அட்மிட் ஆகச் சொல்லிட்டாங்க. இப்பவாவது அட்டை உதவுமா?

அரசு ஆஸ்பத்திரி என்றால் மேலே இரண்டாவது கேள்வியில் சொன்னபடி எப்படியும் செலவில்லை. ஆனாலும் அட்டையை எடுத்துப் போய் அங்கே இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் காட்டுங்கள். பட்டியலில் உள்ள சிகிச்சை என்றால் அந்த ஆஸ்பத்திரிக்கே காப்பீட்டுப் பணம் போகும், அந்தப் பணம் ஆஸ்பத்திரி வசதிக்குத்தான் பயன்படும். உங்களுக்கு நஷ்டமில்லை.

தனியாரில் என்றால் மூன்றைக் கேட்காமல் சேராதீர்கள். இந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா? என் பிரச்சினை பட்டியலில் இருக்கிறதா? சிகிச்சைக்கு முன்அனுமதி வந்துவிட்டதா? மூன்றாவதற்குப் பதில் வாங்காமல் "அட்டை இருக்கு, பாத்துக்கலாம்" என்று சேர்ந்தவர்கள்தான் பின்னால் முழு பில்லோடு நிற்கிறார்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் முதல் இரண்டையும் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சாதாரணப் பிரசவத்தையோ வழக்கமான சிசேரியனையோ தனியாரில் இந்த அட்டையை நம்பித் திட்டமிடாதீர்கள்.

மாமனாருக்கு ஹார்ட் ஆபரேஷன் இதே அட்டையிலதான் பண்ணோம். எனக்கு மிச்சம் இருக்குமா?

5 லட்சம் என்பது குடும்பத்துக்கு மொத்தமாக, ஆளுக்கு இல்லை. உங்கள் மாமனார் அதே அட்டையில் இருந்தால், அவருக்குப் போனது போக மீதிதான் அந்த ஆண்டுக்கு. எவ்வளவு மிச்சம் என்று அதே இலவச எண்ணில் கேட்கலாம். மிச்சமே இல்லை என்றாலும் அரசு ஆஸ்பத்திரியில் உங்கள் பிரசவத்துக்கோ அதன் சிக்கலுக்கோ அது தடையில்லை.

எங்ககிட்ட அட்டையே இல்ல. ஏழாவது மாசம் ஆயிடுச்சு. இப்ப எடுக்கலாமா?

எடுக்கலாம், எடுங்கள். பிரசவத்துக்குத் தேவைப்படாவிட்டாலும் குழந்தைக்குத் தேவைப்படலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, குடும்பத்தில் எல்லாருடைய ஆதார், வருமானச் சான்றிதழ், இவ்வளவுதான். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சென்னைக்கு அட்டை எடுக்கும் மையம் ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸில் இருக்கிறது. பாரிமுனையில் இறங்கினால் நடக்கும் தூரம்.

நிறைமாதப் பெண் போய் வரிசையில் நிற்க வேண்டாம். யார் நேரில் வர வேண்டும் என்பதை முதலில் போனில் கேட்டுவிட்டு, முடிந்தவரை கணவரோ மாமியாரோ போகட்டும்.

கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகுது. என் பேர் இன்னும் அப்பா வீட்டு ரேஷன் கார்டுல இருக்கு. அவங்க அட்டையைக் காட்டலாமா?

அப்பாவின் அட்டையில் கல்யாணமாகாத பிள்ளைகளுக்குத்தான் இடம். கல்யாணமான பிறகு கணவரின் குடும்பத்தில்தான் கணக்கு. அப்பா வீட்டு கார்டில் பெயர் நீக்கி, கணவர் வீட்டு கார்டில் சேர்க்க வேண்டும். இணையத்திலோ இ-சேவை மையத்திலோ செய்யலாம். சென்னையில் இது ஒன்றுதான் அதிகம் இழுத்தடிக்கும் வேலை. கல்யாணமான கையோடு செய்துவிடுவது உத்தமம், விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே தொடங்குங்கள். டெஸ்டுக்கும் பிரசவத்துக்கும் ரேஷன் கார்டு தடையில்லை என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன்.

வீட்டுக்காரர் கம்பெனில ஈஎஸ்ஐ பிடிக்கறாங்க. அதுல டெஸ்ட் எடுக்கலாமா?

தாராளமாக. அம்பத்தூர், கிண்டி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை செய்யும் பலரும் மாதாமாதம் பணம் கட்டிவிட்டு இதைப் பயன்படுத்தாமலே இருக்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம் இது. தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பக்கம் 3.25 சதவீதம். மனைவிக்கும் முழு மருத்துவம் உண்டு. முதல்வர் காப்பீட்டைப் போல் இல்லாமல், புற நோயாளியாகப் பார்ப்பது, டெஸ்ட், மருந்து எல்லாமே இதில் வரும். முதலில் உங்களுக்கு ஒதுக்கிய ஈஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போங்கள், அங்கிருந்து அயனாவரம் அல்லது கே.கே. நகர் ஈஎஸ்ஐ மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். உங்கள் பெயரை ஈஎஸ்ஐ பதிவில் கணவர் சேர்த்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் அதையே செய்திருக்க மாட்டார்கள்.

நீங்களே ஈஎஸ்ஐ உள்ள வேலையில் இருந்தால் பிரசவ விடுப்புக்கு 26 வாரம் சம்பளமும் உண்டு. அதற்கு முந்தைய இரண்டு சந்தாக் காலத்தில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். கர்ப்பத்தால் உடம்பு கெட்டுப்போனால் மருத்துவர் எழுதித் தந்து மேலும் ஒரு மாதம் கூட்டலாம். கணவரின் ஈஎஸ்ஐயில் மனைவிக்கு இந்த விடுப்புப் பணம் வராது, மருத்துவம் மட்டும்தான்.

நடுவுல சம்பளம் 21,000 தாண்டிடுச்சு. ஈஎஸ்ஐ கட் ஆயிடுமா?

உடனே ஆகாது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு சந்தாக் காலம். நடுவில் சம்பளம் ஏறினாலும் அந்தக் காலம் முடியும் வரை பிடிப்பார்கள், வசதியும் தொடரும். கம்பெனி ஹெச்ஆரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் டாக்டர்கிட்டதான் காட்டறோம். பிரச்சினைன்னா அரசுக்குப் போனா "இத்தனை நாள் எங்க போனீங்க"ன்னு திட்டுவாங்களே?

திட்டு விழலாம், சிகிச்சை நிற்காது. யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் ஒன்பதாம் மாதம் நள்ளிரவில், கையில் ஒரு தாளும் இல்லாமல் போய் நிற்பதுதான் உண்மையான சிக்கல். உங்களைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது, எல்லா டெஸ்டும் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

எனவே தனியாரில் பார்த்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வையுங்கள். எப்படியும் ஆர்சிஎச் எண் தேவை. 9ம் தேதி முகாமுக்கு ஒரு முறையாவது போய் வாருங்கள். எல்லா ரிப்போர்ட்டும் ஒரே ஃபைலில், தேதி வாரியாக இருக்கட்டும்.

முத்துலட்சுமி ரெட்டி பணம் 18,000 கையில வருமா? டெஸ்ட் எடுக்கலன்னா வராதா?

முழுவதும் பணமாக வராது. 14,000 ரூபாய் தவணையாக வங்கிக் கணக்கில் வரும், 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 1987ல் தொடங்கிய மாநில அரசின் மகப்பேறு உதவித் திட்டம், 2018லிருந்து இந்தத் தொகை. ஏழைக் குடும்பத்தில், 19 வயது நிரம்பியவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு. 12 வாரத்துக்குள் பதிவதையும், சொன்ன நேரத்துக்கு டெஸ்டும் தடுப்பூசியும் எடுப்பதையும் பார்த்துத்தான் தவணை விடுவார்கள். இது காப்பீடு அல்ல, சிகிச்சைச் செலவுக்குக் கணக்கிட்டுத் தருவதும் அல்ல. கர்ப்பிணி நல்லபடியாகச் சாப்பிட வேண்டும், கூலி வேலைக்குப் போகாமல் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்பதற்காகத் தருவது. அந்தக் கணக்கு மனைவி பெயரில் இருக்கட்டும், அந்தப் பணத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

ஏழாவது மாசம் அம்மா வீட்டுக்கு திருவண்ணாமலை போறேன். அங்க மறுபடி முதல்ல இருந்து பதியணுமா?

வேண்டாம். மேலே சொன்ன அதே 12 இலக்க எண் தமிழ்நாடு முழுவதும் செல்லும். கிளம்பும் முன் இங்கே நர்ஸிடம் சொல்லிவிட்டு, அங்கே போனதும் ஒரு வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்து அட்டையைக் காட்டுங்கள். 24 முதல் 28 வாரச் சர்க்கரை டெஸ்ட் இந்தப் பயணத்தில்தான் பலருக்கும் விட்டுப்போகிறது. வளைகாப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

எங்க வீட்ல வாடகைக்கு இருக்கற பொண்ணு ஒடிசா. ரேஷன் கார்டு இங்க இல்ல. அவளைச் சேர்ப்பாங்களா?

சேர்ப்பார்கள். பரிசோதனைக்கும் பிரசவத்துக்கும் எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை. தமிழ் தெரியாததால் பல பெண்கள் போகவே தயங்குகிறார்கள். நீங்கள் முதல் தடவை கூடப் போய் உட்கார்ந்தால் போதும். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களை முதல்வர் காப்பீட்டில் சேர்க்கவும் வழி உண்டு. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு அதில் வருமான வரம்பே கிடையாது.

குழந்தை எட்டு மாசத்துலயே பொறந்துடுச்சு, பெட்டியில வெச்சிருக்காங்க. அந்தச் செலவு?

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கும் ஜனனி சிசு சுரக்ஷா பொருந்தும், செலவில்லை. தனியாரில் பச்சிளம் குழந்தைப் பிரிவில் ஒரு நாள் செலவே குடும்பத்தைச் சாய்த்துவிடும். அங்கே சேர்த்திருந்தால், அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, முன்அனுமதி கேட்டார்களா என்று முதல் நாளே விசாரியுங்கள். இல்லையென்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தையின் நிலை இடம் கொடுத்தால்தான் மாற்ற வேண்டும், ஆம்புலன்ஸ் வசதியோடு.

வார்டுல காசு கேக்கறாங்க. கொடுக்கலன்னா சரியா பாக்க மாட்டாங்களோன்னு பயமா இருக்கு.

இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. பெற்ற பெண் உள்ளே இருக்கும்போது வெளியே நிற்பவருக்கு வாதாடத் தெம்பு இருக்காது. இருந்தாலும் பிரசவத்துக்கோ, குழந்தையைக் காட்டவோ, தள்ளுவண்டிக்கோ யாரும் காசு கேட்க உரிமை இல்லை. கேட்ட நேரம், வார்டு எண் குறித்துக்கொண்டு ஆர்எம்ஓ (நிலைய மருத்துவ அலுவலர்) அறையில் சொல்லுங்கள், அல்லது 104ல் புகார் சொல்லுங்கள். திட்டத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டால் காப்பீட்டு எண்ணான 1800 425 3993. கூட ஒரு ஆள் வைத்துக்கொண்டு போய்ச் சொன்னால் தைரியமாக இருக்கும்.

ராத்திரில என்ன ஆனா உடனே ஓடணும்?

ரத்தம் போவது, தண்ணீர் போல் ஒழுகுவது, குழந்தை அசைவு குறைவது, விடாத தலைவலி, கண் மங்குவது, முகம் வீங்குவது, மேல் வயிற்றில் கடுமையான வலி, வலிப்பு, அதிகக் காய்ச்சல். இதில் ஒன்று இருந்தாலும் 108. ஆட்டோ தேடவோ, விடியட்டும் என்று பார்க்கவோ வேண்டாம். பிரசவம் முடிந்து வீட்டுக்குத் திரும்ப 102, தாய் சேய் ஊர்தி.

குழந்தை பொறந்துடுச்சு. சுகர், பிபி ரெண்டும் இருந்துச்சு. இனிமே டெஸ்ட் தேவையில்லையே?

தேவை. கர்ப்பகாலச் சர்க்கரை பிரசவத்தோடு பெரும்பாலும் இறங்கிவிடும், ஆனால் இறங்கியதா என்று ஆறாவது வாரம் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். இந்த முறை வெறும் வயிற்றில் போங்கள், அப்போதும் ஒரு ரத்தம் எடுப்பார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளையே இதற்கும் வைத்துக்கொண்டால் தனியாக அலைய வேண்டாம். அது நார்மல் என்றாலும், கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம், அதனால் வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிபி பிரசவத்துக்குப் பிறகும் ஏறலாம், முதல் ஒரு வாரம் ரொம்பக் கவனம். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். தலைவலியோ கண் மங்கலோ வந்தால் பத்தியச் சாப்பாடு சேரவில்லை, தூக்கம் போதவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். அதைக் கேட்டு இருந்துவிடாமல் அன்றைக்கே போய் பிபி பாருங்கள்.